துரை வீட்டு அலமாரி

அத்தியாயம் பதினொன்று

"இதை வாங்கினா எதைக் குடுப்ப?"

"குடுக்கவா? யாருக்குக்கா குடுக்கணும்?"

"யாருக்கோ. புதுசா ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா, இருக்கிறதுல ஒண்ணு வெளிய போவணும் ட்டீ. இல்லன்னா ஒரு நாளைக்கு ஆளு வெளிய போவ வேண்டியது வரும்."

ஐந்து வருஷங்களுக்கு முன், திருநெல்வேலி டவுணில், கீழ ரத வீதி ஜவுளிக் கடையில் சாலோமி சொன்ன வார்த்தை அது. அப்போது கிரேஸின் கையில் பூப்போட்ட சீமைத்துணி ஒன்று இருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதை எடுக்க வேறு காரணம் இல்லை. "இந்த அக்கா இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா நான் கடையைச் சாத்திர வேண்டியதுதான்" என்று கடைக்காரர் சிரித்தார். கிரேஸும் சிரித்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

இன்றைக்கு, இந்தச் சனிக்கிழமைக் காலையில், அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்த கிரேஸுக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது.

சென்ற புதன்கிழமை வந்த கடிதத்தை அவள் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். அங்கே மிஷன் வளவில் ஓர் ஒற்றை அறை. முப்பது வருஷமாக ஊர் ஊராக நடந்து பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த சாலோமி, கண் மங்கிய பிறகு அந்த அறையில்தான் இருந்தாள். ஐரோப்பாவில் சண்டை தொடங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சீமையிலிருந்து வரும் உதவி குறைந்துவிட்டது. வளவை மூடுகிறார்கள். ஆதரவில்லாத கிழவிகள் ஏழு பேரையும் திங்கட்கிழமை ரயிலில் மெட்ராஸுக்கு, அங்குள்ள ஒரு விடுதிக்கு அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களை ஏற்றிய மாட்டு வண்டிகள் திருநெல்வேலி பாலம் ஸ்டேஷனுக்கு வந்துசேரும்.

சாலோமி யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதம். கடைசி வரி இது: "உன் வீட்டு இட நெருக்கடி எனக்குத் தெரியும். ஒருவரும் மனம் வருந்த வேண்டாம்."

ஆதரவில்லாத கிழவிகள். அந்த ஏழு பேரில் தன் அக்கா ஒருத்தி என்பதைத்தான் கிரேஸால் தாங்க முடியவில்லை. தாய் வாந்திபேதியில் போனபோது கிரேஸுக்கு மூன்று வயது. இடுப்பில் தூக்கிச் சுமந்து, தலைவாரி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் கிருபைராஜுக்குக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தவள் சாலோமி. அவளுக்குச் சொத்து என்று இரண்டு வெள்ளைச் சேலை உண்டு. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

கிருபைராஜ் கல்நெஞ்சக்காரர் அல்ல. கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் ரிக்கார்டு கீப்பர். கோயில் காணிக்கையில் குறை வைக்காதவர். கை நீட்டிக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான். மாற்றலாகிப் போகும் துரைமார் தங்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஏலங்களில் எதையும் அவர் தவறவிடுவதில்லை.

பதினாறு வருஷமாக அப்படி வந்து சேர்ந்தவைதான் வீட்டின் மேற்கு அறையை நிரப்பியிருந்தன. அறை நிரம்பிய பிறகு நடைவழிக்கு வந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் பார்க்க வந்த சாலோமி, அந்த நடைவழியில் நாற்காலிக் காலில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். "இங்க சாமானுக்கு ஒதுங்கி நடக்கப் பழகணும் ட்டீ. எனக்கு இனிமே அது வராது" என்று சொல்லிப் போனவள் திரும்ப வரவில்லை.

'அக்காவை நம்ம கூட வச்சுக்கிடுவோம்.' நாலே நாலு வார்த்தை. நான்கு வருஷமாகக் கிரேஸின் தொண்டையில் நின்றது. கேட்காத வரைக்கும் இல்லை என்ற பதில் பிறக்கவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். இன்று அந்தத் தேற்றலும் தீர்ந்துபோயிற்று. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட வேண்டும். உளுந்தோடு சேர்த்து அந்த வார்த்தைகளையும் களைந்து களைந்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வண்டி வந்துவிட்டது.

"ஏட்டி கிரேஸ்! வெளிய வந்து பாரு, என்ன வருதுன்னு!"

வாசலில் இரட்டை மாட்டு வண்டி. அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய தேக்கு அலமாரி. மூன்று கதவு. நடுக்கதவில் ஆள் உயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் தேவாலயத்து ஊசிக்கோபுரத்தின் உச்சி தெரிந்தது. மேகம் தெரிந்தது. ஈரக்கையோடு வாசலில் வந்து நின்ற கிரேஸும் தெரிந்தாள்.

"எஞ்சினியர் துரை வீட்டு ஏலம்" என்றார் கிருபைராஜ், சிறு பிள்ளையின் சந்தோஷத்தோடு. "துரை சண்டைக்குப் போயிட்டாரு. துரைசானி ரெண்டே ரெண்டு பொட்டியோட கப்பல் ஏறுதாவளாம். எல்லாத்தையும் வந்த விலைக்குத் தள்ளிட்டாவ."

வண்டியின் பின்னால் நடந்து வந்தவர் மேலப்பாளையம் நூர்முகம்மது. ஏலச்சாமான் வாங்கி விற்பது அவர் தொழில். இருபது வருஷப் பழக்கம்.

"நான் அங்கனயே சொன்னேன் அண்ணாச்சி, வீட்டை அளந்துட்டு வந்து கேளுங்கன்னு" என்றார். "இந்த வீட்டுல துரை ஒருத்தரு வந்து தங்கினாருன்னா, மாற்றல் உத்தரவு வந்தாலும் போவ மாட்டாரு. எல்லாச் சாமானும் இங்கல்லா இருக்கு!"

"நீரு சும்மா இரும், சாயபு. ஒரு பக்கம் பிடியும்."

மகள் ஜெபகனி வந்து நின்றாள். பதினாறு வயது. ஆசிரியை ஆவதற்காக உபாத்திமைப் படிப்பு படிக்கிறவள். நாக்கு கொஞ்சம் நீளம்.

"அப்பா, இதை நிரப்புற அளவுக்கு நம்மகிட்ட துணி கிடையாதே?"

"அலமாரி இருந்தா துணி தன்னால வரும் ளா."

"அப்ப துணிக்கு அலமாரி இல்ல. அலமாரிக்குத்தான் துணியா?"

நூர்முகம்மது வாயைப் பொத்திக்கொண்டார். கிருபைராஜ் கேட்காதது போல மேற்கு அறைக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது.

"எல்லாத்தையும் முத்தத்துல இறக்குவோம். அலமாரியை உள்ள விட்டுட்டு, மத்ததைச் சுத்தி அடுக்கிருவோம்" என்றார்.

இறக்கினார்கள். ஒன்றுக்கொன்று ஜோடி சேராத பதினோரு நாற்காலிகள் வந்தன. குதிரையே இல்லாத வீட்டில் ஒரு குதிரைச் சேணம் வந்தது. மான்கொம்பு வந்தது. துரைமார் உட்கார்ந்து குளிக்கும் தகரத் தொட்டி வந்தது. கூரையில் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுக்கும் விசிறிப் பலகை, கயிறு இல்லாமல். ஆணிகூடக் கழற்றாத நாலு மரப்பெட்டிகள். சட்டம் போட்ட ஒரு படமும் வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், மடியில் கையை வைத்துக்கொண்டு முறைத்தார்.

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. முன்பு அது கூடத்தில் தொங்கியது. புதிதாக வந்த உபதேசியார் அதைத் திருச்சபையின் பழைய அத்தியட்சர் என்று எண்ணி, அவர் செய்த ஊழியத்துக்காக நெடுநேரம் ஸ்தோத்திரம் பண்ணி ஜெபித்தார். பிறகு நூர்முகம்மதுதான் விசாரித்துச் சொன்னார், அது பெங்களூரில் குதிரை விற்கிற தரகர் என்று. அன்றைக்குப் படம் மேற்கு அறைக்குப் போயிற்று. தூக்கி எறிய மட்டும் கிருபைராஜுக்கு மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கிரேஸுக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருஷத்தில் ஒரே ஒருமுறை அவர் சொல்லியிருக்கிறார். தாது வருஷப் பஞ்சத்தில் அவருக்கு ஒன்பது வயது. அவருடைய தகப்பனார் முதலில் வெண்கலப் பானையை விற்றார். பிறகு குத்துவிளக்கு. பிறகு உரல், கட்டில், கதவு. கடைசியில் நாலு சுவரும் வெறுந்தரையும் மிஞ்சின. அந்த வெறுந்தரையில்தான் தங்கச்சி செத்துப்போனாள். "வீடு காலியாச்சுன்னா அடுத்தாப்ல மனுஷன் காலியாவான்னு அன்னைக்கு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் ஓர் அறையைக் காலி பண்ணுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

மதியம் தாண்டியது. யாரும் சாப்பிடவில்லை. முற்றம் நிறைந்தது. மேற்கே மலைப்பக்கம் ஐப்பசி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா?" நூர்முகம்மது துண்டால் முகத்தைத் துடைத்தார். "அலமாரி உள்ள போச்சுன்னா இதுல பாதி வெளியதான் நிக்கும். இது உள்ள போச்சுன்னா அலமாரி போவாது. அல்லா மேல சத்தியமாச் சொல்லுதேன், இது ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்."

"பைய யோசிப்போம்வே. முதல்ல கனத்தைக் குறைப்போம். அடியில ஒரு இழுப்பறை இருக்கு பாரும். உள்ள என்னமோ உருளுது."

சாவி கைப்பிடியிலேயே கட்டிக் கிடந்தது. அவசரத்தில் புறப்பட்ட துரைசானி அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. வாசலில் இறக்கிவைத்திருந்த அலமாரியின் முன் கிருபைராஜ் உட்கார்ந்து திறந்தார். ஜெபகனி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே பொட்டலங்கள். சின்னதும் பெரியதுமாகப் பதினைந்து இருபது.

கச்சேரி உத்தியோகஸ்தர்கள் கிறிஸ்மஸ் தோறும் துரை பங்களாவுக்குப் பரிசு கொண்டுபோவது வழக்கம். மேலே ஒரு சீட்டில் பெயரும் உத்தியோகமும் எழுதிக் கட்டியிருக்கும். சீட்டைப் பார்த்தவுடன் கிருபைராஜுக்கு விளங்கிவிட்டது. சேவகர் தலைவர் டப்பேதார் கொடுத்த சில்லுக்கருப்பட்டி இளகி, ஓலைப் பெட்டிக்கு வெளியே கசிந்து கறுத்து, எறும்பும் செத்துக் கிடந்தது. தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் கொடுத்த பத்தமடைப் பாய், துரையின் பெயர் பின்னியது, சுருட்டியபடி இருந்தது. ஒன்றின் நூலும் அவிழ்க்கப்படவில்லை.

அடியில் பழுப்புக் காகிதம் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்று. சீட்டில் அவர் கையெழுத்து. 'மிகுந்த மரியாதையுடன், கிருபைராஜ், ரிக்கார்டு கீப்பர்.'

கிரேஸ் அதை அவருக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டாள். நூலின் முடிச்சு அவள் போட்டது.

நான்கு வருஷத்துக்கு முன் சாலோமி ஒரு லேசு முக்காடு பின்னி அனுப்பியிருந்தாள். திண்டின்மேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேசு. எட்டு மாத வேலை. ஜெபகனி கல்யாணத்துக்கு என்று சொல்லி அனுப்பியது. அந்தக் கிறிஸ்மஸுக்கு எஞ்சினியர் துரை புதிதாக வந்திருந்தார். கிருபைராஜ் முக்காட்டை விரித்துப் பார்த்து, "துரைசானிக்கு இதைவிட நல்லதா எதைக் கொண்டுபோக? பிள்ளை கல்யாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. அப்ப நல்லதா வேற வாங்குவோம்" என்றார்.

கிரேஸ் காகிதத்தை எடுத்து, ஓரம் மடித்து, நூல் சுற்றி, தானே முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாலோமி எதையும் பின்னவில்லை. அந்த வேலையோடு அவள் பார்வை தாழ்ந்துவிட்டது.

கிருபைராஜ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்து நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

"பிரிக்கக்கூட இல்ல, சாயபு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நாலு வருஷம். அடுத்த நாள் துரைசானி எனக்குக் கைகுடுத்து, ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாவ."

பதில் சொன்னவள் ஜெபகனி.

"நம்ம பொட்டி நாலும் பிரிக்காமத்தானேப்பா கிடக்கு."

"ஏட்டி, வாயை மூடு!" என்று கிரேஸ் அதட்டினாள். ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. கிருபைராஜ் ஆணி அடித்த மரப்பெட்டிகளைப் பார்த்தார். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. எந்தத் துரையின் ஏலத்தில் எடுத்தது என்பதும் மறந்துபோயிற்று. ஒரு விநாடி அவர் முகத்தில் ஏதோ இளகுவது போல இருந்தது. அதற்குள் பெரிய துளி ஒன்று தகரத் தொட்டியில் விழுந்து சத்தம் எழுப்பியது.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். பழைய பயம் திரும்ப வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

"மழை வருது. எல்லாத்தையும் உள்ள எடுங்க. ஒண்ணும் நனையக் கூடாது. அலமாரி கூடத்துல நிக்கட்டும். ஜெபகனி படுக்கையை அடுப்படிப் பக்கம் மாத்திருவோம். ம், எடுங்க!"

"நானும் அடுப்படிக்குப் போயிட்டா, அடுத்தாப்ல யாரைப்பா மாத்துவீங்க?" என்றாள் ஜெபகனி. இந்தத் தடவை அவள் குரலில் விளையாட்டு இல்லை. அழுகை இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் கிரேஸ் அங்கே இல்லை. அவள் மேற்கு அறைக்குள் போயிருந்தாள்.

பதினாறு வருஷத்தில் அந்த அறையின் தரையை அவள் முழுசாகப் பார்த்ததில்லை. பெருக்கினாள். ஜன்னல் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. கல்லால் தட்டித் திறந்தாள். மழைக்காற்று உள்ளே வந்தது. மங்கலான வெளிச்சம் சுவர்வரைக்கும் தடையில்லாமல் போய் விழுந்தது. கட்டில் இந்தச் சுவரோரம். தண்ணீர்க் கூஜா ஜன்னல் திட்டில். கண் தெரியாதவள் கையை நீட்டினால் சுவர் கிடைக்க வேண்டும், வேறெதுவும் தடுக்கக் கூடாது. கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை நடந்து பார்த்தாள். ஏழு அடி வைத்தாள். ஒன்றிலும் இடறவில்லை.

"கிரேஸ்! அங்கன என்ன செய்யுத? சாமான் நனையுது!"

கிருபைராஜ் வாசற்படிவரை வந்தார். கையில் அந்தப் பொட்டலம் இருந்தது. அறைக்குள் கால் வைக்கப் போனவர் நின்றுவிட்டார். நாலு சுவர், வெறுந்தரை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்து நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இப்படி வெறிச்சோடப் போட்டிருக்க?" என்றார். "பார்க்கவே சகிக்கல. வா வெளிய. தொட்டியாவது கொண்டாந்து போடுவோம்."

முற்றத்திலிருந்து நூர்முகம்மதின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வண்டியை அவுக்கவா, திருப்பவா? மாடு மழையில நிக்கி!"

கிருபைராஜைப் பார்க்கப் பாவமாக இருந்தது கிரேஸுக்கு. கல்யாணமான நாள் முதல் அந்தப் பாவம் பார்த்துத்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். முக்காட்டைப் பொட்டலம் கட்டிய அன்றும் அதே பாவம்தான். அதன் விலை இப்போது அவர் கையில் பழுப்புக் காகிதத்தில் இருந்தது. இன்னொரு முடிச்சை இந்தக் கை போடாது என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. களைந்து வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. வேறு வார்த்தைகள் வந்தன.

"நான் வெளிய வரல. நீங்க உள்ள வாங்க."

"என்ன?"

"உள்ள வந்து நில்லுங்க. நான் கூட நிக்கேன். ஒண்ணும் ஆவாது."

ஒரு காலை உள்ளே வைத்தார். இன்னொரு கால் படியிலேயே நின்றது. கிரேஸ் கிட்டே போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது வருஷமா நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நகை கேக்கல, சேலை கேக்கல. இப்ப கேக்கேன். இந்த அறையை எனக்குத் தந்திருங்க. அலமாரியும் வேண்டாம், முத்தத்துல கிடக்கிறதும் திரும்பி வர வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் பாலம் ஸ்டேஷன்ல எங்க அக்கா வந்து இறங்குவா. திங்கக்கிழமை ரயில்ல அவளை அனாதைக் கிழவியளோட மெட்ராசுக்கு அனுப்புதாவ. நான் போய்க் கூப்பிட்டா வர மாட்டா. நீங்க போகணும். நீங்க போய், உங்க வாயால கூப்பிட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். அவளுக்குக் கண்ணு தெரியல. அவ உசிரு இருக்கிற மட்டும் எங்கூட, இந்த அறையில இருக்கணும்."